அனுப்பியதும் சேர்ந்ததும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

    

கணிப்பொறி வலையமைப்பின் அடிப்படைகள் குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் எனக்குக் கட்டளையிட்டனர். நான் பேராசிரியன் அல்லன். தொலைபேசி நிலையத்தில் 30 ஆண்டுகள் செப்புக் கம்பியோடும், பிற்பாடு கண்ணாடி இழையோடும் பழகியவன். அந்த ஒரு தகுதி பற்றியே இம்மேடையில் நிற்கிறேன். இப்பொருளை ஏற்றுக் கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுதல் நேர்மை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாலைப் பாடசாலையிற் பயின்ற மாணவி ஒருத்தி, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று கடைத்தெருவிலுள்ள கணிப்பொறி நிலையத்திற்குச் சென்றாள். படிவம் முழுவதையும் நிரப்பியாயிற்று; சான்றிதழ்களை ஏற்றியாயிற்று; 'சமர்ப்பி' என்னும் பொத்தானையும் அழுத்தியாயிற்று. திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. கடைக்காரப் பையன், "போயிருக்கும் அக்கா, நாளைக்கு வந்து பிரிண்ட் எடுத்துக்கோங்க" என்றான். அவள் நேரே என்னிடம் வந்து, "ஐயா, அனுப்பிட்டேன், போயிருக்குமா?" எனக் கேட்டாள். நான் ஏதோ வேலையில் இருந்தேன். "அனுப்பினாய் அல்லவா? போயிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பார்க்கையில் விண்ணப்ப எண் உருவாகவே இல்லை. காலக்கெடு முடிந்துவிட்டது. கல்லூரியில் சேர அவள் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. கடைக்காரப் பையன் அறியாது சொன்னான், நானோ அறிந்தவன். அனுப்புதல் வேறு, சேர்தல் வேறு என்பதன்மேல்தான் தரவுத் தொடர்பு என்னும் கலை முழுவதும் நிற்கிறது. அதனை அறிந்த வாயாலேயே அவ்வாறு சொன்னேன். இன்றைய உரை அந்த மாணவிக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி எனக் கொள்க. சற்று நீண்ட மறுமொழி, பொறுத்தருள வேண்டும்.

முதலில், கம்பியின் வழியே செல்வது யாது? எழுத்தும் செல்வதில்லை, படமும் செல்வதில்லை. 0, 1 என்னும் இரண்டே குறிகள் செல்கின்றன. இக்குறி ஒன்றுக்குப் 'பிட்' என்று பெயர். எட்டுப் பிட்டுகள் கொண்டது ஒரு 'பைட்'. கம்பியில் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகவும், கண்ணாடி இழையில் ஒளியின் மின்னலாகவும், காற்றில் வானொலி அலையின் மாறுதலாகவும் இக்குறிகள் உருவெடுக்கின்றன. எந்தச் செய்தியையும் பிட்டுகளாக அளக்கலாம். ஒரு தடத்தின் வழியே நொடிக்கு இத்தனை பிட்டுகளுக்கு மேற் பிழையின்றிச் செலுத்த இயலாது என்னும் எல்லையும் உண்டு. இதனைக் கணக்கிட்டு நிலைநாட்டியவர் அமெரிக்காவின் கிளாட் ஷானன் என்பார், ஆண்டு 1948.

நம் தமிழெழுத்து எவ்வாறு பிட்டுகளாகிறது என்று பார்ப்போம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் 'யூனிகோடு' என்னும் பட்டியலில் 'அ' என்னும் எழுத்துக்கு 2949 என்பது எண். இணையத்தில் இன்று பெருவழக்காயுள்ள முறையில், தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாக அனுப்பப்படுகிறது. 'கல்வி' என்னும் சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணிப்பொறிக்கோ க, ல, மேற்புள்ளி, வ, இகரக் கொக்கி என ஐந்து குறிகள். ஆகவே 15 பைட்டுகள், அதாவது 120 பிட்டுகள். கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்க, தமிழில் 70 குறிகளே அடங்குவதன் காரணமும் இதையொத்ததே. அப்பட்டியல்களை வகுத்தவர்கள் ரோமன் எழுத்தை முதலில் மனத்திற்கொண்டு சிக்கனமான இடங்களை அதற்கு வழங்கிவிட்டனர். முதலில் வந்து அமர்ந்தவர்க்கு முன்வரிசை என்னும் வழக்கம் எண்களின் உலகிலும் உண்டுபோலும்!

இனி, பிட்டுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் முறைக்கு வருவோம். பழைய தொலைபேசியில், சென்னையில் இருப்பவர் மதுரையில் இருப்பவரோடு பேசும்வரை இருவர்க்கும் இடையே ஒரு தடம் முழுவதும் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுவிடும். இருவரும் வாய்மூடி இருந்தாலும் அத்தடம் பிறர்க்குக் கிட்டாது. மனிதர் பேசுவதற்கு அது பொருந்தும். கணிப்பொறிகளோ ஒரு நொடி கொட்டித் தீர்த்துவிட்டுப் பத்து நொடி மௌனம் சாதிப்பவை. அவற்றுக்காகத் தடத்தை ஒதுக்கிவைத்தல், ஒற்றைப் பயணிக்காக ஒரு பேருந்தை நிறுத்திவைத்தல் போன்றது.

இதற்கு மாற்றாக, செய்தியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி, பலருடைய பொட்டலங்களும் ஒரே தடத்தில் கலந்து செல்லுமாறு விடலாம் என்னும் எண்ணம் 1960களில் இருவர்க்குத் தனித்தனியே தோன்றிற்று. அமெரிக்காவில் பால் பேரன், போர்க்காலத்தில் சில நிலையங்கள் அழிந்தாலும் எஞ்சியவற்றின் வழியே செய்தி செல்லவேண்டும் என்னும் நோக்கோடு இதனை ஆராய்ந்து 1964இல் விரிவான அறிக்கைகளை வெளியிட்டார். இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ், பல கணிப்பொறிப் பயனர்கள் ஒரே தடத்தைச் சிக்கனமாகப் பகிர்தல் எப்படி என்னும் வழியில் வந்து அதே இடத்தை அடைந்தார். 'பாக்கெட்' என்னும் பெயரை இதற்கு இட்டவர் அவரே.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு அமைத்த 'ஆர்ப்பாநெட்' என்னும் வலையமைப்பில் 1969 அக்டோபர் 29ஆம் நாள் முதற் செய்தி அனுப்பப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்னும் மாணவர், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணிப்பொறியினுள் நுழைவதற்காக 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அடித்தார். எல், ஓ என்னும் இரண்டெழுத்துகள் சேர்ந்தன. உடனே எதிர்முனைக் கணிப்பொறி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரங்கழித்தே முழுச் சொல்லும் சென்று சேர்ந்தது. அவ்வலையமைப்பின் முதற் செய்தியே பாதி வழியில் நின்றதென்றால், நம் மாணவியின் படிவம் நின்றதில் வியப்பில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சேர்ந்தது இரண்டெழுத்தே என்று அன்று எப்படித் தெரிந்தது? எதிர்முனையில் ஒருவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு 'எல் வந்தது', 'ஓ வந்தது' எனச் சொல்லிக் கொண்டிருந்தார். அந்த மனிதக் குரல்தான் முதல் ஒப்புகை.

ஒப்புகைக்குப் பின்னர் வருவேன். முன்னதாகப் பொட்டலம் வழி கண்டுபிடிக்கும் விதத்தைச் சொல்லவேண்டும். 100 கிலோபைட் அளவுள்ள ஒரு சான்றிதழ்ப் படத்தை அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு பொட்டலத்தில் பொதுவாக 1,500 பைட்டுகள் அடங்கும். அதில் முகவரி முதலிய தலைப்புக் குறிப்புகளுக்குக் குறைந்தது 40 பைட்டுகள் போக 1,460 எஞ்சும். ஆகப் படம் 69 பொட்டலங்களாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் அனுப்புநர் எண், பெறுநர் எண், வரிசை குறிக்கும் எண் ஆகியன எழுதப்படும். அனுப்புநர், பெறுநர் எண்கள்தாம் 'ஐ.பி. முகவரி' எனப்படுவன. பழைய வகை முகவரி 32 பிட்டுகள் கொண்டது. ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே இயலும். உலகிலுள்ள கருவிகளுக்கு அது போதாமையால் 128 பிட் கொண்ட புதிய முகவரியும் வழக்கில் வந்துள்ளது.

பொட்டலத்தை வழிநடத்தும் கருவிக்கு 'ரவுட்டர்' என்று பெயர். அதற்கு முழு வழியும் தெரியாது. அடுத்த அடி எது என்பது மட்டுமே தெரியும். இதில் மலைப்பதற்கு ஏதுமில்லை. நம் அஞ்சல் துறை 1972 ஆகஸ்ட் 15இல் கொணர்ந்த பின்கோடு எண்ணை நினைவுகூருங்கள். டெல்லியிற் கடிதத்தைப் பிரிப்பவருக்கு நம் ஊரின் தெரு தெரியவேண்டியதில்லை. முதலெண் 6 என்றால் தெற்கே, தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த வட்டாரத்துக்குச் செல்லும் பையில் போடவேண்டும் என்பது மட்டும் போதும். அடுத்த எண்களை அருகில் வரவர உள்ளவர்கள் பார்த்துக் கொள்வார்கள். ரவுட்டரும் முகவரியின் முற்பகுதியைத் தன் அட்டவணையோடு ஒப்பிட்டு, எந்த வாயில் வழியே அனுப்புவது என முடிவு செய்கிறது. அட்டவணைகளோ நிலையானவை அல்ல. ஒரு தடம் அறுந்தால் ரவுட்டர்கள் தமக்குள் செய்தி பரிமாறி அட்டவணையை மாற்றிக்கொள்ளும். அவ்வாறு மாறும் வேளையில் பொட்டலம் இரண்டு ரவுட்டர்களிடையே பந்தாடப்படுவதும் உண்டு. அதற்காக ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் ஆயுள் எண், பெரும்பாலும் 64, எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். சுழியை எட்டிய பொட்டலம் தூக்கியெறியப்படும்.

புத்தகங்களில், ஒவ்வொரு பொட்டலமும் வெவ்வேறு வழியிற் செல்லும் என்று படம் போட்டிருப்பார்கள். தேர்வில் அதையே எழுதுங்கள். நடைமுறையில் ஒரே உரையாடலைச் சேர்ந்த பொட்டலங்கள் பெரும்பாலும் ஒரே வழியிலேயே செல்கின்றன. தடம் மாறும்போதுதான் பிரிகின்றன.

வழியில் என்னென்ன நேரலாம்? பொட்டலம் தொலையலாம், வரிசை மாறலாம், இரட்டிக்கலாம், உள்ளிருக்கும் பிட்டு புரளலாம். புரண்ட பிட்டைக் கண்டுபிடிக்கும் எளிய வழி ஒன்றைச் சொல்கிறேன். தாளில் எழுதிப் பாருங்கள். 1011001 என்னும் ஏழு பிட்டுகளில் 1 என்பது நான்கு முறை வருகிறது. நான்கு இரட்டைப்படை. ஆதலின் கடைசியில் 0 சேர்த்து அனுப்புவோம். ஒற்றைப்படையாக இருந்தால் 1 சேர்த்து இரட்டைப்படையாக்குவோம். பெறுபவர் எண்ணிப் பார்க்கையில் ஒற்றைப்படை வந்தால் ஏதோ புரண்டுவிட்டது எனத் தெளியலாம். இரண்டு பிட்டுகள் ஒருங்கே புரண்டால் இம்முறை ஏமாந்துவிடும். ஆகவே இதனினும் வலிய கணக்குகளை வலையமைப்பில் கையாள்கிறார்கள். உங்கள் ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கமும் இத்தகைய காவல் இலக்கமே. முந்திய பதினொன்றையும் கொண்டு கணக்கிட்டு வருவது அது. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் கணிப்பொறி உடனே மறுப்பதன் மருமம் அதுவே.

தொலைந்த பொட்டலத்திற்கு வருவோம். இங்கேதான் நம் பெரியோர்களின் வழக்கம் எனக்கு நினைவுக்கு வருகிறது. இக்கழகத்தைத் தொடங்கியவர்கள் பள்ளிக்கு ஆசிரியர் கேட்டும் விடுதிக்கு இடம் கேட்டும் மனு எழுதியபோது, சாதாரணத் தபாலில் அனுப்பியதே இல்லை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலேயே அனுப்பினார்கள். திரும்பி வந்த அட்டையைக் கோப்பில் ஊசிநூலால் தைத்து வைத்தார்கள். அக்கோப்பு இன்றும் நம் நூலக அலமாரியில் இருக்கிறது. இளைஞர்கள் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'மனு வரவில்லையே' என்று எந்த அலுவலகமும் சொல்ல இடங்கொடாதிருக்க அவர்கள் கண்ட உபாயம் அது. பதிவுத் தபால் 2025ஆம் ஆண்டில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதற்கும் முன்பே, 2013 ஜூலையில், தந்தி விடைபெற்றுக் கொண்டது. எனினும் அந்த ஒப்புகை அட்டை மறையவில்லை. அது கணிப்பொறிக்குள் குடிபுகுந்துவிட்டது.

இணையத்தில் இரண்டு வகைத் தபால் உண்டு. 'யூ.டி.பி.' என்பது சாதாரணத் தபால், போட்டதோடு சரி. நேரலைக் குரலுக்கும் படத்துக்கும் அது ஏற்றது. ஏனெனில் பேச்சில் ஒரு துளி விட்டுப்போனால், அதைத் திரும்ப வரவழைப்பதற்குள் பேச்சு வெகுதூரம் போய்விடும். 'டி.சி.பி.' என்பது ஒப்புகையோடு கூடிய தபால். வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவர் 1974இல் இதன் அடிப்படையை வெளியிட்டனர். 1983 ஜனவரி முதல் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் இம்முறைக்கு மாறிற்று. அனுப்புபவர் பைட்டுகளுக்கு வரிசையெண் இடுவார். பெறுபவர் 'இதுவரை வந்தது. அடுத்து இந்த எண்ணிலிருந்து வேண்டும்' என ஒப்புகை விடுப்பார். குறித்த நேரத்தில் ஒப்புகை வாராவிடின் அனுப்புபவர் மீண்டும் அனுப்புவார்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்துள்ளது. ஒப்புகை வரவில்லை என்றால், தொலைந்தது செய்தியா, ஒப்புகையா? அனுப்புபவரால் அறிய முடியாது. இதற்கு 'இரு படைத்தலைவர் புதிர்' என்று பெயர். இரு குன்றுகளில் இரண்டு தளபதிகள். இடையிலே பகைவர் பள்ளத்தாக்கு. இருவரும் ஒரே வேளையிற் பாய்ந்தால்தான் வெற்றி. ஒருவர் தூதனை விடுக்கிறார். தூதன் சேர்ந்தானா என அறிய மறுதூதன் வேண்டும். மறுதூதன் சேர்ந்தானா என அறிய இன்னொருவன் வேண்டும். எத்தனை தூதர் போய் வந்தாலும் கடைசித் தூதனைப் பற்றிய ஐயம் தீராது. தொலையக்கூடிய வழியில் முழு உறுதி கிட்டாது என்பது கணிதத்தால் நிறுவப்பட்ட முடிவு. டி.சி.பி. இதை வெல்லவில்லை, இதனோடு சமாதானமாக வாழ்கிறது. ஐயம் வந்தால் மறுபடியும் அனுப்பு. இரட்டித்து வந்தால் வரிசையெண்ணைப் பார்த்து ஒன்றை எறிந்துவிடு. அவ்வளவே.

பணம் செலுத்தும்போது திரை நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். விடை இதில் உள்ளது. வரிசையெண் ஒரே இணைப்பிற்குள் வரும் இரட்டைகளையே களையும். நீங்கள் பக்கத்தை மூடிப் புதிதாகத் திறந்து பணம் செலுத்தினால், வலையமைப்பின் கண்ணுக்கு அது புதுச் செய்தி. ஆகையால் இருமுறை பணம் போகக்கூடும். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். பிறகு பொத்தானைத் தொடுங்கள்.

மாணவியின் கதைக்குத் திரும்புகிறேன். அவளுடைய பொட்டலங்கள் அனைத்தும் சேர்ந்து, டி.சி.பி. ஒப்புகையும் திரும்பி வந்திருக்கலாம். அப்போதும் விண்ணப்பம் பதிவாகாமற் போகலாம். எவ்வாறு? ஒப்புகை விடுப்பது எதிர்முனைக் கணிப்பொறியின் வாயிற்காவலன். 'பொட்டலம் வாயிலுக்கு வந்தது' என்பதே அதன் பொருள். உள்ளே ஏட்டில் பதிந்தார்களா என்பது வாயிற்காவலனுக்குத் தெரியாது. பொட்டலத்தைப் பிரிக்கும் முன்னரே உள்ளிருக்கும் கணிப்பொறி மூச்சுத்திணறி நின்றிருக்கலாம். இதனை 1984இல் சால்ட்சர், ரீட், கிளார்க் என்னும் மூவர் ஒரு கொள்கையாகவே வகுத்துரைத்தார்கள். செய்தி முறையாகச் சேர்ந்ததா என்பதை இடைவழியில் உள்ளவர் எவராலும் உறுதிகூற இயலாது. இருமுனையிலும் இருப்பவர்களே சரிபார்த்தல் வேண்டும் என்பது அதன் சாரம். நம் வழக்கிற் சொன்னால், தபால்காரர் கொடுத்தேன் என்றால் போதாது. அலுவலகத்தின் முத்திரை வேண்டும். விண்ணப்ப எண் என்பது அந்த முத்திரை. திரையில் எண் தோன்றும்வரை, கைப்பேசிக்குச் செய்தி வரும்வரை, அனுப்பியாயிற்று என்னும் சொல்லை வாயெடுத்துச் சொல்லற்க. கடைக்காரர் சொன்னாலும், நானே சொன்னாலும் நம்பற்க.

கடைசி நாளன்று மட்டும் ஏன் அந்த வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது? இதற்கும் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. 1986 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், லாரன்ஸ் ஆய்வகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜத் தொலைவில் இருந்த இணைப்பு, நொடிக்கு 32,000 பிட் என்னும் வேகத்திலிருந்து 40 பிட்டுக்குத் தாழ்ந்தது. 32,000 எங்கே, 40 எங்கே! கம்பி அறுபடவில்லை, கருவி பழுதாகவில்லை. கூட்டம் மிகுந்ததால் ஒப்புகைகள் தாமதமாயின. தாமதத்தைத் தொலைவு என எண்ணிய கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் அனுப்பின. அதனால் கூட்டம் மேலும் பெருகிற்று. தடம் முழுதும் பழைய பொட்டலங்களின் நகல்களாலேயே நிறைந்துவிட்டது. வான் ஜேக்கப்சன் என்பார் இதனை ஆராய்ந்து 1988இல் மாற்று வழியை வெளியிட்டார். ஒன்றிரண்டு பொட்டலங்களோடு தொடங்கு. ஒப்புகை வரவர அளவைக் கூட்டு. ஒரு பொட்டலம் தொலைந்தால் அளவைச் சடாரெனக் குறை. மீண்டும் அனுப்புமுன் முன்னிலும் நெடுநேரம் காத்திரு. இன்றுவரை இணையம் நொறுங்காமல் நிற்பதற்கு இந்தத் தன்னடக்கமே பெருங்காரணம். சட்டம் போட்டு எவரும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாக் கணிப்பொறிகளும் இதைக் கடைப்பிடிக்கின்றன.

மனிதர்களோ கடைப்பிடிப்பதில்லை. வட்டம் சுழன்றால் மறுபடியும் மறுபடியும் பொத்தானை அழுத்துகிறோம். கடைசி நாளில் பல்லாயிரவர் அவ்வாறு அழுத்துவதை எண்ணிப் பாருங்கள். இதற்கு மாணவரை மட்டும் குறைகூறுவது அறமாகாது. கடைசி நாள் நெரிசல் ஆண்டுதோறும் வருவது; எதிர்பாராத புயல் அன்று. அதற்குத் தக்கவாறு கணிப்பொறிகளைப் பெருக்குவதும், நெரிசலாற் பதியாமற் போனவர்க்குக் காலக்கெடுவை நீட்டுவதும் உரிய அலுவலகங்களின் கடமை. வீட்டில் கணிப்பொறி உள்ள பிள்ளை நள்ளிரவிலோ விடியலிலோ விண்ணப்பித்துவிடும். கூலிவேலை முடித்து வந்த தந்தையிடம் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு கடைக்குப் போகும் பிள்ளை, கடை திறந்திருக்கும் நேரத்தில், எல்லாரும் அழுத்தும் அதே நேரத்தில் அழுத்துகிறது. நெரிசல் எல்லார்க்கும் பொது; அதில் நசுங்குபவர் எல்லாரும் அல்லர். அந்த மாணவிக்காக நாங்கள் பிற்பாடு எழுதிய மனுவில் இதைத்தான் விரிவாகக் கூறினோம். மறுமொழி கிட்டவில்லை. மறுஆண்டு அவள் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்தாள். எண்ணையும் எனக்குக் கொண்டுவந்து காட்டினாள்.

இனிக் கம்பியைப் பற்றிச் சிறிது. ஏனெனில் இங்குள்ள தம்பிமார்களில் சிலர்க்கு இது வயிற்றுப்பாட்டுத் தொழில். ஓர் அறைக்குள்ளோ ஒரு கட்டடத்துள்ளோ கணிப்பொறிகளை இணைப்பதற்கு 'ஈதர்நெட்' என்னும் முறை வழக்கில் உள்ளது. 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் இதனைத் தொடங்கினார். அன்று எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்தன. ஊர்க்கூட்டத்தில் பேசுவதுபோல, பிறர் பேசுகிறாரா எனக் கேட்டுவிட்டுப் பேசவேண்டும். இருவர் ஒருங்கே தொடங்கிவிட்டால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கு ஒரு கால அளவு மனம்போனபடி காத்திருந்து மீண்டும் தொடங்குவர். இன்று நடுவில் 'சுவிட்ச்' வைத்து ஒவ்வொருவர்க்கும் தனிக்கம்பி தருவதால் கம்பியில் இம்மோதல் இல்லை. கம்பியில்லாத 'வைஃபை'யில் இன்றும் கேட்டுப் பேசும் அவ்வொழுக்கமே நிலவுகிறது.

அந்தக் கம்பியின் உள்ளே எட்டு இழைகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கு அழகுக்கன்று. அருகிலுள்ள மின்கம்பியின் இரைச்சல் இணையின் இரண்டு இழைகளிலும் ஒரே அளவாக விழுகிறது. எதிர்முனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது இரைச்சல் மறைந்து செய்தி மட்டும் எஞ்சுகிறது. ஆகவே முனையில் சொருகியைப் பொருத்தும்போது முறுக்கைத் தேவைக்கு மேல் அவிழ்த்தல் கூடாது. பெருவழக்கான வரிசையைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இருமுனையிலும் இதே வரிசை. நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது. நீலத்திற்கும் பச்சைக்கும் இடம் மாற்றிவிட்டால் இரண்டு இணைகள் பிரிந்துபோகும்; விளக்கு எரியும், வேலை நடவாது. தொழிலுக்குப் புதியவர்கள் அரைநாள் தேடி அலையும் பிழை இது.

நெடுந்தொலைவுக்குக் கண்ணாடி இழை. ஒளி செல்லும் அதன் நடுத்தண்டு ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவு. அதில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் கடலடியில் இட்ட வடத்தின் நீளம் 3,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதைக் கடக்க ஒளிக்கு ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு போதும். செயற்கைக்கோள் வழியென்றால் 36,000 கிலோமீட்டர் ஏறி, அவ்வளவும் இறங்கவேண்டும். கேள்வி போய் விடை வர அரை நொடி ஆகிவிடும். அந்தமான் தீவினர் நெடுங்காலம் அந்த அரை நொடியோடும் குறுகிய அளவோடும் தவித்தனர். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி வடம் சென்ற பிறகே நிலைமை மாறிற்று.

நம் தெருப் பிள்ளைகள் பலர் நெடுஞ்சாலையோரம் அந்த இழைக்கான பள்ளத்தைத் தோண்டியவர்கள். தோண்டியவரிடம், உள்ளே செல்வது இன்னது என எவரும் சொல்லவில்லை. அறுந்த இழையின் இரு முனைகளையும் உருக்கி ஒட்டும் கருவியைக் கையாளும் ஆளுக்குக் கொடுக்கும் கூலியும் மரியாதையும் வேறு. அந்தக் கருவிக்கும் மண்வெட்டிக்கும் உள்ள இடைவெளி, அதன்முன் அமர்ந்து பழகச் சில வாரங்கள் எவரேனும் இடங்கொடுத்தால் கடக்கக்கூடியதே. அந்த இடத்தை நம் கழகம் ஏற்படுத்தித் தரவேண்டும் என இவ்விழா மேடையிலேயே தலைவர் அவர்களிடம் விண்ணப்பித்துக் கொள்கிறேன். இதற்கு எனக்கு ஒப்புகையும் வேண்டும். தலைவர் தலையசைத்ததை எல்லீரும் பார்த்தீர்கள்.

நம் நாட்டில் 1986இல் 'எர்நெட்' என்னும் கல்வி வலையமைப்புத் திட்டம் தொடங்கியபோது சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட சில நிறுவனங்களே அதில் இருந்தன. பொதுமக்களுக்கு இணையம் திறந்தது 1995 ஆகஸ்ட் 15இல். ஆகவே இத்துறையில் எவரும் நமக்கு ஆயிரம் ஆண்டு மூத்தவர் அல்லர். இருந்தாலும் முந்தியவர் முந்தியவரே.

நேரம் ஆகிவிட்டதாகச் செயலாளர் கைகாட்டுகிறார். மறைப்புமுறை பற்றி ஒரு சொல் மட்டும். மறைப்புமுறை இல்லாத இணையப் பக்கத்தில் நீங்கள் எழுதுவது அஞ்சலட்டையில் எழுதியது போன்றது. வழியில் உள்ளவர் படிக்கலாம். மறைப்புமுறை இருந்தால் உறையிலிட்டு ஒட்டியது. உறை வழியிலுள்ளவரைத்தான் தடுக்கும். எதிர்முனையில் இருப்பவர் நல்லவர் என்று அது சான்று தாராது. கடைத்தெருக் கணிப்பொறியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டே எழுந்திருங்கள்.

உரை இத்துடன் நிற்கட்டும். பின்னாலுள்ள மேசைமேல் இரண்டு கணிப்பொறிகளும், ஒரு சுவிட்சும், பத்து மீட்டர்க் கம்பியும், சொருகிகளும், அழுத்தும் இடுக்கியும் வைத்திருக்கிறேன். கம்பியை நீங்களே முடியுங்கள். ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றதற்குப் 'பிங்' என்னும் கட்டளை கொடுப்போம். மறுமொழி ஒவ்வொரு வரியாகத் திரையில் வரும். நடுவிலே நான் கம்பியைப் பிடுங்கிவிடுவேன். அப்போது திரையில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பார்த்து எனக்குச் சொல்லவேண்டும். முதலில் தங்கைமார்கள் வரட்டும்.